மாடியில் ஃபாரின்

"என்னை மேடம்னு கூப்பிடுறாங்க. அவ மட்டும் அக்காவாம், அக்கா!"

மேடத்துக்கு வயிறு எரிந்தது. இருக்காதா பின்னே? வீடில்லாதவர்களுக்கென்று இந்த நகரத்தில் முதன்முதலாகக் காப்பகம் தொடங்கியதே அவர்தான். டைல்ஸ் தரை, வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு கட்டில். அவரிடம் சம்பளத்துக்கு இருந்தவள்தான் அந்த அக்கா. இப்போது இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கிடங்கில் கிழிந்த பாய்களைப் போட்டுத் தனிக்கடை விரித்துவிட்டாள். தெருவில் படுத்திருந்தவர்கள் கட்டிலை விட்டுவிட்டுப் பாய்க்குப் போனார்கள்.

"போகாம என்ன மேடம் பண்ணுவாங்க?" என்றார் டிரைவர். "நம்ம கேட்டுல வாயை ஊதச் சொல்றோம். வாடை வந்தா உள்ள விடுறதில்லை. அங்க வாடை வந்தாத்தான் முதல்ல உள்ள கூப்பிடுறாங்க."

"நீ யார் பக்கம்யா?"

டிரைவர் காரைத் துடைக்கப் போய்விட்டார்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல வந்தது ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு. குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள உதவுகிற காப்பகத்துக்கு நிதி. யாராவது ஒருவருக்குத்தான். மேடமும் கேட்டிருந்தார், அக்காவும் கேட்டிருந்தாள். அதிகாரிகள் ஒரே நாளில் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

அக்காவிடம் வாராவாரம் ஒரு டாக்டர் வந்துபோனார். நிதி இல்லாவிட்டால் அவரும் வரமாட்டார். மேடத்திடம் டாக்டர் இல்லை. 'போதை மறுவாழ்வுப் பிரிவு' என்று போர்டு இருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

"அவளுக்குக் கிடைச்சிட்டா நான் வெளியில தலைகாட்ட முடியுமா? போய் ஏதாவது ஓட்டை இருக்கான்னு பாருய்யா."

டிரைவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மாடியில ஒரு ரூம் எப்பவும் சாத்தியே இருக்கு மேடம். 'மாடியில ஃபாரின், யாரும் மேல போகாதீங்க'ன்னு பேசிக்கிறாங்க."

"என்னது, ஃபாரினா?"

"அப்படித்தான் காதுல விழுந்துச்சு."

மேடத்தின் முகம் மலர்ந்தது. ஃபாரின் சரக்கு! அதுவும் குடியை நிறுத்துகிற இடத்திலேயே! பழம் நழுவிப் பாலில் விழுந்து, அது நழுவி வாயிலும் விழுந்துவிட்டது.

அதிகாரிகள் முதலில் மேடத்திடம்தான் வந்தார்கள். எதிர்ச்சுவரில் கோட்டு சூட்டோடு சிரித்த போட்டோவைப் பார்த்து, "உங்க பையனா மேடம்? அப்படியே உங்க ஜாடை!" என்றார் அவர்களில் ஒரு பெண் அதிகாரி.

"ஒரே பையன். வெளிநாட்டுல பெரிய இன்ஜினியர். லீவே கிடைக்க மாட்டேங்குது, பாவம்" என்ற மேடம், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அங்க போறப்ப மாடி ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்க. உள்ள ஏதோ ஃபாரின் இருக்காம். நான் சொன்னதா சொல்லிடாதீங்க. எனக்கெதுக்கு ஊர் வம்பு?"

சாயங்காலமே போன் வந்தது.

"நீங்க சொன்னது சரிதான் மேடம். ரூமைத் திறக்கவே மாட்டேன்னுட்டாங்க. உள்ள ஆள் இருக்காராம். அப்ப ஆளைக் காட்டுங்கன்னா, அதுவும் முடியாதாம். நிதியே கிடைக்காதுன்னு சொல்லியும் பிடிவாதம்!"

"பாட்டிலுக்குக் கை கால் முளைச்சிருக்கும்" என்றார் மேடம். அந்தப் பக்கமும் சிரித்தார்கள். நிதி மேடத்துக்கே என்று முடிவானது.

மறுநாள் மேடம் ஆறுதல் சொல்லப் போனார். ஆறுதல் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான். அவள் முகம் எப்படி வாடியிருக்கிறது என்று கண்ணாரப் பார்க்க வேண்டுமே!

அக்கா பாய்களை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உட்காருங்க மேடம்."

"உட்கார வரலை. கைக்கு வந்ததை இப்படிக் கோட்டை விட்டுட்டியே! எனக்காவது சொல்லு, அப்படி என்ன ஃபாரின் வெச்சிருக்க மேல?"

அக்கா கையிலிருந்த பாயைக் கீழே வைத்தாள். பிறகு, "வாங்க. நீங்க வந்து கேட்டா மட்டும் திறக்கலாம்னு சொல்லியிருக்கான்" என்று மாடிப்படி ஏறினாள்.

மேடம் பின்னாலேயே போனார்.

அக்கா கதவை மெதுவாகத் தட்டினாள். "ஃபாரின், கதவைத் திறப்பா."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

மெலிந்துபோன ஓர் இளைஞன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோட்டும் இல்லை, சூட்டும் இல்லை. ஜாடை மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா" என்றான்.



"இங்க வந்த அன்னிக்கு, எந்த ஊருப்பான்னு எல்லாரும் கேட்டாங்க" என்றாள் அக்கா. "'எங்கம்மா கணக்குல நான் ஃபாரின்ல இருக்கேன்'னான். அதுவே பேராயிடுச்சு. யார் பிள்ளைன்னு என்னைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது. இப்பத்தான் மேடம் குடியை விட்டிருக்கான். நாலு பேரைப் பார்க்கக் கூச்சப்படுறான்."

மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி... அவங்க வந்தப்பவே இவனைக் காட்டியிருந்தா, நிதி உனக்குத்தானே கிடைச்சிருக்கும்?"

"எப்படி மேடம் காட்டுறது? 'உங்க பழைய மேடத்தோட பையன் வெளிநாட்டுல இருக்காராமே, இப்பத்தான் போட்டோ பார்த்தோம்'னு சொல்லிக்கிட்டேல்ல இந்தப் படி ஏறி வந்தாங்க!"