தலை சீவும் கட்டம்

பக்கவாதத்தில் படுத்த மனைவி லில்லிபுஷ்பத்தைக் கவனிக்க, ஜெபசீலன் ஓர் இயந்திரக் கை வாங்கியிருந்தார். கட்டிலருகே இருந்த திரையில், வேலைக்கு ஒன்றாக இருந்த வண்ணக் கட்டங்களை வரிசையாகக் கோத்தால் போதும், அது அப்படியே செய்யும். பல் தேய்த்துவிடும், முகம் துடைக்கும், தலை சீவும். அவர் அடுத்த அறையில் நிம்மதியாகச் செய்தி பார்ப்பார்.

தலை சீவும் கட்டம் மட்டும் அடிக்கடி காணாமல் போனது. ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி கோத்தார். ஒரு காலையில், அசையும் ஒரே விரலால் லில்லி அதை இழுத்து அழிப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏன் புள்ள, அது சீவுனா வலிக்கா?"

"வலிக்கல. எல்லாத்தையும் அதுவே செஞ்சிட்டா, நீங்க எப்ப என் பக்கத்துல இருப்பிய?"

ஜெபசீலன் சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். வகிடு கோணலாகத்தான் வந்தது. லில்லி கண்ணாடி கேட்கவில்லை.