சித்தப்பா தரப்பு

"சித்தப்பாவை டைரக்டர் பதவியிலேர்ந்து நீக்கணும் சார்" என்றார் அண்ணன். பக்கத்தில் தங்கை தலையாட்டினாள். அட்டைப்பெட்டி கம்பெனியில் பெரும்பங்கு அவர்கள் இருவருடையது.

வக்கீலாக நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பணத்துல கை வெச்சுட்டாரா?"

"சேச்சே, தங்கமான மனுஷன்."

"வேலைக்கு ஒழுங்கா வர்றதில்லையா?"

"முதல் ஆளா வந்து உக்காந்திருப்பார் சார்" என்றாள் தங்கை.

எனக்கெதற்கு வம்பு? "முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, பங்குதாரர் கூட்டம் போட்டு, ஓட்டெடுத்தா முடிஞ்சது. ஆனா ஓட்டுக்கு முன்னாடி அவர் தரப்பைப் பேச விடணும். அது சட்டம்."

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

கூட்டத்துக்கு அண்ணன் தலையணையோடு வந்தார். தங்கை இரண்டு வேளைச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒரு பேனாவோடு போயிருந்தேன்.

சித்தப்பா எழுந்தார். நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"சுருக்கமா சொல்லிடறேன். எங்க தாத்தா பொறந்த அன்னைக்கு நல்ல மழை..."

"இப்பப் புரியுதா சார், ஏன் நீக்கச் சொன்னோம்னு?" என்று முணுமுணுத்த அண்ணன், மேஜைமேல் தலையணையைப் போட்டு, பாதி என் பக்கம் வரும்படி நகர்த்தினார்.