இம்மொழியில் பயில்வோர்

பல்கலைக்கழகத்தின் இணையப் பாடத்தளத்தில் புள்ளியியல் நான்கு மொழிகளில் இருந்தது. அதில் தமிழ்ப் பக்கம் முழுக்க விரிவுரையாளர் ஜெசிந்தாவின் உழைப்பு. நாற்பத்திரண்டு பாடங்கள், இரண்டு கோடை விடுமுறைகள், தீராத கழுத்து வலி. தமிழைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்த முப்பத்தொரு பேரில் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஆங்கிலத்துக்கு மாறிப்போக, மிஞ்சியது இசக்கித்தாய் ஒருத்திதான். அவளுக்காகவே ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து, ஆங்கில மூலத்தின் கணக்குகளில் இருந்த பேஸ்பால் ஆட்டத்தை எடுத்துவிட்டு அவள் ஊர் மீன் ஏலத்தை வைத்தாள்.

அந்த இசக்கித்தாய்தான் இன்று போன் செய்தாள்.

“மேடம், உங்க பாடத்துலதான் எனக்கு எல்லாமே புரிஞ்சுது. ஆனா சர்டிபிகேட்டுல தமிழ் வழின்னு அச்சடிச்சு வருதாம். கம்பெனியில அதப் பாத்தாலே ஓரமா வச்சிருவாங்கன்னு அண்ணன் சொல்லுதான். என்னையும் இங்கிலீஷுக்கு மாத்தி விட்டுருங்க மேடம்.”

“பரீட்சைய எப்படிம்மா எழுதுவே?”

“மனப்பாடம் பண்ணிருவேன் மேடம்.”

ஜெசிந்தா அவள் பெயரை ஆங்கிலப் பட்டியலுக்கு மாற்றினாள். திரை ஒரு நொடி வெளுத்தது. பிறகு நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது.

‘இம்மொழியில் பயில்வோர் தற்போது எவரும் இல்லை. பாடங்களை நீக்கிவிடலாமா?’

தளத்தின் அறிவிப்புகளைத் தமிழாக்கிய முதல் வாரத்தில் அவளே எழுதிய வாக்கியம். படிக்கிறவர் மனம் நோகக் கூடாதென்று நாலு தடவை அடித்துத் திருத்தியது. இப்போது நிதானமாக மறுபடி படித்துப் பார்த்தாள்.

ஒரு பிழைகூட இல்லை.