ஸ்டெபிக்குப் போன டப்பா

“சொந்தத் தங்கச்சியவே ஏமாத்திட்டீயளே மச்சான்!”

தாவர புரோட்டீன் பவுடர் டப்பாவை மேஜைமேல் ஓங்கி வைத்தான் பெவின். கல்லாவில் இருந்த நேசக்குமார் பதறி எழுந்தார்.

“மெதுவாப் பேசும் மாப்ளே. கடை இது. என்ன விஷயம்?”

“மாசமா இருக்கவ சத்துக்குக் குடிக்கட்டும்னு குடுத்து விட்டீய. உள்ள இருக்கது வெறும் பொரிகடலை மாவு!”

“பொரிகடலையும் செடியில காய்க்கதுதான?” நேசக்குமார் சிரிக்கப் பார்த்தார்.

“வெளையாடாதீய. எங்க லேபுலயே பாத்துட்டேன்.”

தூத்துக்குடி இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பெவினுக்கு வேலை. வெளிநாட்டுக்காரன் தின்னப்போகிற இறாலில் காரீயம் என்கிற விஷ உலோகம் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். வரம்புக்கு இம்மி கூடினாலும் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவான். ஆள் அவ்வளவு கறார்.

“அண்ணன் குடுத்ததுன்னு நம்பி ஸ்டெபி குடிச்சா. இப்ப அழுதுகிட்டுக் கெடக்கா. ஞாயித்துக்கிழம சபையில எல்லாருக்கும் சொல்லத்தான் போறேன்.”

நேசக்குமார் அவனைக் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனார். பூட்டியிருந்த டிராயரைத் திறந்து ஒரு தாளை நீட்டினார்.

“டப்பாவுல வந்த பவுடர் மேல சந்தேகம் வந்து மெட்ராசுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணுனேன். நீரே பாரும்.”

பெவின் பார்த்தான். காரீயம், வரம்பைப்போல மூன்று மடங்கு.

“எல்லா டப்பாவுலயுமா?”

“இந்த லோடு பூரா.” நேசக்குமாருக்குக் குரல் உடைந்தது. “வயித்துப் புள்ளக்காரிக்கு இத எப்படிக் குடுப்பேன்? குடிக்காதன்னா அவ கேக்க மாட்டா. அதான் பவுடரக் கொட்டிட்டு, டப்பாவக் கழுவிக் காயவெச்சு, நானே பொரிகடலைய அரைச்சு நெரப்பினேன்.”

பெவினுக்குக் கண் நிறைந்துவிட்டது. மச்சானை அப்படியே கட்டிக்கொண்டான்.

“மன்னிச்சிருங்க மச்சான். ஒங்கள மாதிரி அண்ணன் யாருக்குக் கெடைக்கும்!”

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். உப்பளத்து வேலை முடிந்து நேரே வந்திருந்தாள் பகவதி. காலில் உப்பு இன்னும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

“அண்ணாச்சி, மக பத்தாவது படிக்கா. சோந்து சோந்து விழுதா. நல்ல சத்துப் பவுடரா ஒண்ணு குடுங்க.”

“தாவர புரோட்டீன் இருக்கும்மா. சுத்தமான சரக்கு. என் தங்கச்சியே இதத்தான் குடிக்கா” என்றார் நேசக்குமார்.

அந்த லோடு மேல்தட்டில் இருந்தது. அவருக்குக் கை எட்டவில்லை.

“நீங்க இருங்க மச்சான்” என்று எட்டி ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தான் பெவின்.