குளியலறை விருந்தாளி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிராக் நகரத்தில் இந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியிலேயே கிழவனாகிப்போன நான், வாயில் மிச்சமிருக்கும் பற்களின் மேல் சத்தியம் செய்து சொல்கிறேன்.

"இன்னிக்கு அவன் மண்டையை உடைக்காம விடமாட்டேன்!" என்று எனக்கு மேல்வீட்டில் ஓல்ட்ரிக் கத்தினான்.

"உடைச்சுப் பாரு. அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது" என்றாள் அவன் மனைவி க்வேதா.

சண்டைக்குக் காரணம் லுபோர். தெற்கேயிருந்து முதல்முறையாக பிராக் வந்தவன். பனி கொட்டிய ஒரு காலையில் தெருமுனையில் பார்த்து, பிடித்துப்போய், க்வேதாவேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெட்டி, படுக்கை எதுவும் இல்லை. வந்ததும் நேராகக் குளியல் தொட்டியில் இறங்கியவன், அதை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

குளிர்கால வாசம் அவனுக்கு ஒத்துப்போயிற்று. ஊரில் சேறும் நெரிசலும்தானாம். இங்கே தனி அறை, பளிங்கு மாதிரி தண்ணீர், சுவருக்கு அந்தப் பக்கம் வானொலி. பிராக் அருமைதான், ஆறு மட்டும் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருக்கலாம் என்று அவன் நினைப்பதாகக் க்வேதா என்னிடம் சொன்னாள்.

ஓல்ட்ரிக்தான் குளிக்க வழியில்லாமல் நாறினான். டிராமில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்றுகொள்வார்.

"சமையலறையில துணியை நனைச்சுத் துடைச்சுக்கிறேன் பெரியவரே. என் வீட்டுலயே எனக்கு இந்தக் கதி! இவ என்னடான்னா அவன் பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காந்து ஊர்க்கதை பேசறா."

"பேசுவேன். அவன் வாயைத் திறந்தாக்கூட குறுக்கே பேசறதில்ல. உனக்கு அது வருமா?"

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. நானா, அவனா?"

"அவன்" என்றாள் க்வேதா. யோசிக்கக்கூட இல்லை.

ஓல்ட்ரிக் நிலவறைக்கு இறங்கிப் போய் ஒரு மரச் சுத்தியலோடு வந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் அது. சாயங்கால விருந்துக்கு மேசையில் தட்டுகூடப் போட்டாகிவிட்டது.

படியில் உட்கார்ந்து அழுத க்வேதாவிடம், "போலீசைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவங்க வீட்டுலயும் இந்நேரம் இதேதான் நடந்துகிட்டிருக்கும்" என்று மூக்கைச் சிந்தினாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் சளப்பென்று அடித்தது. ஓல்ட்ரிக் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஏதோ கனமாக விழுந்தது. க்வேதா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பிறகு சத்தமே இல்லை. மாடிப்படி விளக்கு தானாக அணைந்து, நான் பொத்தானை மறுபடி அமுக்கி, அது மறுபடியும் அணைந்தது.

கதவு திறந்தது. ஓல்ட்ரிக் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். கையில் சுத்தியல் இல்லை.

"முடிச்சிட்டியா, பாவி?" என்றாள் க்வேதா.

"கண்ணை மூடாம என்னையே பாக்கறான்டி." ஓல்ட்ரிக் ஈரத்தோடு படியில் உட்கார்ந்தான். "பண்டிகைக்கு வறுக்கன்னு வாங்கி, ஊர் வழக்கப்படி தொட்டியில உயிரோட விட்டுவச்ச கெண்டை மீனுக்கு எவளாவது பேரு வைப்பாளா? பேரு வச்சப்புறம் எவன் அதை வறுத்துத் திம்பான்? பெரிய வாளியா எடு, ஆத்துல விட்டுட்டு வருவோம். ராத்திரிக்கு உருளைக்கிழங்கு போதும்."

ஒரே வாளியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, பனியில் வழுக்காமல் ஆற்றுப் பக்கம் நடந்து போனதை என் ஜன்னலிலிருந்து கண்ணாரப் பார்த்தேன்.

எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டிலும் குளியல் தொட்டி கிடையாது. என் வாயில் பல்லும் கிடையாது.