வண்டி விற்பனைக்கு

"பார்த்து ஏறும்மா. அந்தப் படி இந்த மனுஷன் பொருத்தினது" என்றாள் வெர்னா, பக்கத்தில் நின்ற ஹார்லனைக் காட்டி.

நாடியா பார்த்துத்தான் ஏறினாள். படி துளிகூட ஆடவில்லை.

ஹோமர் என்ற வடகோடி ஊரின் துறைமுகத்தில், மீன் அறுக்கும் மேசையில் அவளுக்கு வேலை. கோடை வந்ததும் வீட்டுக்காரர் அவள் அறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிட்டார். மே மாதத்திலிருந்து அண்ணனின் படகில்தான் படுக்கை. அங்கே அண்ணன், அண்ணனுடைய இரண்டு நாய்கள். மூன்று பேரும் குறட்டை விடுவார்கள். அதனால்தான், கடலோரச் சுற்றுலா முகாமில் நின்ற பழைய மோட்டார்ஹோமின், அந்த வீட்டு வண்டியின், கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற அட்டையைப் பார்த்த உடனே, செதில் ஒட்டிய ரப்பர் பூட்ஸோடு வந்து கதவைத் தட்டிவிட்டாள்.

வண்டிக்காரர்கள் இருவரும் மொன்டானாவிலிருந்து அதை ஓட்டி வந்திருந்தார்கள். ஹார்லனுக்கு எழுபது இருக்கும். வெர்னாவுக்கு ஒன்றிரண்டு குறைவு. வால்டீஸில் நான்கு நாள், சுவார்டில் மூன்று நாள், இப்போது ஹோமர். போன இடமெல்லாம் மழை என்றார் ஹார்லன். வழி தவறாமல் போயிருந்தால் மழைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்றாள் வெர்னா. வரைபடம் யார் மடியில் இருந்தது என்று அவர் கேட்டார். அதைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னது யார் என்று அவள் கேட்டாள். அங்கிருந்து, குறுக்கே வந்த மூஸ் மானை முதலில் பார்த்தது யார் என்பதுவரை பேச்சு போயிற்று. நடுவில் நின்ற நாடியா அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வண்டி அவளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு அடுப்பு, மடக்கு மேசை, அகலமான ஜன்னல் வழியே விரிகுடாவும் எதிர்க்கரைப் பனிமலையும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாழ்ப்பாள் வைத்த படுக்கையறை. நாய் உள்ளே வர முடியாது.

எஞ்சினைக் காட்ட ஹார்லன் இறங்கியதும் வெர்னா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நல்ல பொண்ணா இருக்க, அதனால சொல்றேன். இதுல ஹீட்டர் திடீர்னு நின்னுடும். குளிர்காலத்துல படுத்தேன்னா உன்ன ஐஸ்ல வெச்ச ஹாலிபட் மீன் மாதிரிதான் வெளிய எடுக்கணும். அந்த மனுஷன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாத. விக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு."

கீழே போனால், எஞ்சின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹார்லன் குரலைத் தாழ்த்தினார்.

"ஆயிலைத் தண்ணியா குடிக்குதும்மா. மேடு ஏறினா ஒரே புகை. பின்னாடி வர்றவன் தீயணைப்பு வண்டியக் கூப்பிடுவான். வெர்னா காதுல போட்டுடாத. எவன் தலையில கட்டலாம்னு வழி பார்த்துட்டு இருக்கா."

நாடியா படகு எஞ்சின்களுக்கு நடுவில் வளர்ந்தவள். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தாள். அளவும் சரி, நிறமும் சரி. வண்டியைக் கிளப்பச் சொல்லிப் பின்னால் போய் நின்றாள். புகை இல்லை. உள்ளே வந்து ஹீட்டரைப் போட்டாள். ஐந்து நிமிடத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று.

நாற்பது வருஷம் சேர்ந்து குடித்தனம் செய்தால் இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. வாங்கிக்கறேன்."

வந்ததிலிருந்து முதல் தடவையாக இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

முதலில் வெர்னாதான் சமாளித்துக்கொண்டாள். திரைச்சீலை எல்லாம் அழுக்கு, துவைக்காமல் எப்படிக் கொடுப்பது என்றாள். தானே துவைத்துக்கொள்வதாக நாடியா சொன்னாள். நாளைக்கு ஹாலிபட் பிடிக்கப் படகில் இடம் சொல்லி வைத்திருப்பதாக ஹார்லன் சொன்னார். நாளன்றைக்கு எடுத்துக்கொள்வதாக நாடியா சொன்னாள்.

"நாளன்னைக்கு முடியாதும்மா. கோடியாக் தீவுக்குக் கப்பல்ல வண்டியோட டிக்கெட் வாங்கியாச்சு" என்றாள் வெர்னா.

"கோடியாக்கா? கப்பல்னா உனக்கு வாந்தி..." என்று ஆரம்பித்த ஹார்லன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, கோடியாக். டிக்கெட் வாங்கியாச்சு" என்று முடித்தார்.

ஒரு மணி நேரத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"போயிட்டு வாங்க, காத்திருக்கேன். வண்டியோட பேப்பரை மட்டும் இப்பவே காட்டிடுங்க" என்றாள் நாடியா. நாய்களோடு இன்னும் ஒரு வாரம் தாங்கலாம்.

ஹார்லன் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்து, தயங்கித் தயங்கி, மடிப்பில் நைந்துபோன ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அது வண்டியின் பேப்பர் இல்லை. கோர்ட் உத்தரவு. விவாகரத்து பெற்ற ஹார்லனும் வெர்னாவும் இந்த வண்டியை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டும். விலைபோகாத வருடங்களில், பார்க்க வந்தவரிடம் 'பிடிக்கவில்லை' என்று எழுதி வாங்கிக் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று இருந்தது. தேதி எட்டு வருடத்துக்கு முந்தையது. கீழே, கோடைக்கு ஒன்றாக, எட்டு 'பிடிக்கவில்லை', எட்டு ஊர்க்காரர்களின் கையெழுத்து.

அதற்குக் கீழே எழுத நாடியா பேனா கேட்டாள்.