விளையாட்டு நாய்

"கொட்டகையில மோட்டார் களவு போச்சு, காவலுக்குக் கட்டின நாய் சங்கிலியில படுத்துக் கிடக்குது. வித்துடுங்க முதலாளி" என்றார் மேனேஜர் பாலகுரு.

"போட்டியில கப்பு வாங்கின நாய்னு சொன்னீங்களேம்மா?" உப்பள முதலாளி சிவஞானம், டைகரைப் பழக்கிக் கொடுத்த முபீனாவைக் கேட்டார்.

களவு நடந்த ராத்திரி டைகரின் மண்டையில் பட்டிருந்த காயத்தை முபீனா தடவினாள். "ஒரு டெஸ்ட் வெச்சுப் பார்த்துட்டு வித்துக்கலாங்க."

உப்பு வாரும் தங்கவேல் கையில், நாய் கவ்விப் பழகும் தடித்த உறையான ஸ்லீவை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றான். டைகர் பாய்ந்து ஸ்லீவைக் கவ்வியது, வால் சுழன்றது. அவன் கையை உருவிக்கொண்டதும் ஸ்லீவோடு பாத்தியைச் சுற்றி ஓடியது.

"சரியான விளையாட்டு நாய்!" பாலகுரு சிரித்தார்.

"அடுத்து நீங்க வாங்க சார்" என்றாள் முபீனா.

"நான் மோட்டார் கொட்டகைப் பக்கமே போனதில்ல. எனக்கும் வாலாட்டும் பாருங்க!"

ஸ்லீவோடு அவர் நின்றதும், ஓடி வந்த டைகர் எதிரில் சட்டென்று நின்றது. வால் ஆடவில்லை. அவர் ஸ்லீவைக் கழற்றி வீசினார். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதுகு மயிர் சிலிர்க்க அவர் முகத்தைப் பார்த்து உறுமியது.

"என்னம்மா இது?" என்றார் சிவஞானம்.

"ஸ்லீவைத் துரத்தினா விளையாட்டு வேகம். ஸ்லீவை விட்டுட்டு ஆளை முறைச்சா தற்காப்பு வேகம். தன்னை அடிச்ச ஆளுகிட்டதான் டைகருக்கு அது வரும்."

சிவஞானம் மெதுவாகத் திரும்பினார். "கொட்டகைப் பக்கமே போனதில்லைன்னியேப்பா?"

"முதல்ல நாயைக் கட்டும்மா!" பாலகுரு அலறினார்.

"அன்னைக்குக் கட்டித்தான் இருந்துச்சு சார்" என்றாள் முபீனா. "மோட்டார் எங்கேன்னு சொல்லுங்க, இன்னைக்கும் கட்டிடுறேன்."